ஏசி ஃபேன் நான்காம் வேகத்தில் மட்டும் சுற்றுகிறது: டீலர் கொடுத்த எஸ்டிமேட் நியாயமானதா?

கேள்வி: நெடும்பயணி

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் காரின் ஏசியில் வந்துள்ள ஒரு கோளாறு பற்றியும், அதைச் சரிசெய்ய டீலரின் சர்வீஸ் சென்டர் கொடுத்திருக்கும் எஸ்டிமேட் பற்றியும் அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். தானியங்கி ஏசி இல்லை; கையால் திருப்பும் குமிழ், நான்கு வேகம், அவ்வளவுதான்.

சென்ற மாதம் மூன்றாம் வேகம் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. வேகத்தடையில் கார் குலுங்கினால் காற்று தானாகத் திரும்பிவிடும். குமிழை இரண்டுக்கு மாற்றினால் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இரண்டு மூன்று நாள் காருக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை லேசாக அடித்தது. வெளியிலிருந்து வருகிறது என்று எண்ணிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். ஏற்றிய பிறகு வாடை கூடியபோதுதான் உறைத்தது. அந்த வாரக் கடைசியில் முதல் மூன்று வேகங்களும் ஒரேயடியாக நின்றுபோயின. இப்போது நான்கில் வைத்தால் மட்டும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. குளிர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழுவதில்லை.

டீலரிடம் கொண்டுபோனேன். சோதனைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, அரை நாள் வண்டியை வைத்திருந்த பிறகு எஸ்டிமேட் கொடுத்தார்கள். ப்ளோயர் (காற்றைத் தள்ளும் ஃபேன்) மோட்டார் அசெம்பிளி, ரெசிஸ்டர், கேபின் ஃபில்டர் (காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது) ஆகியவை பாகங்கள். லேபர் என்ற தலைப்பில் ‘ஏசி யூனிட் கழற்றி மாட்டுதல், 4.5 மணி’. அதற்குக் கீழே ஏசி கேஸ் நிரப்புதல், கம்ப்ரஸர் ஆயில், எவாப்பரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சுத்தம் செய்தல், இதர உபபொருட்கள். எல்லாவற்றுக்கும் மேல் வரி. கூட்டுத்தொகை, இந்தக் காருக்கு இரண்டு ஆண்டுகளில் வழக்கமான சர்வீஸுக்கு நான் செலவிடுவதைவிட அதிகம்.

முழு வேகத்தில் நன்றாகச் சுற்றும் மோட்டாரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டதற்கு, “சார், பழைய மோட்டார் எப்போது வேண்டுமானாலும் போகலாம், இதெல்லாம் செட்டாகத்தான் மாற்றுவோம்” என்ற பதில்தான் கிடைத்தது. அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை; நம்பவும் மனம் ஒப்பவில்லை. கோளாறு உண்மையில் எதில் இருக்கக்கூடும்? நானே பார்த்துச் சரிசெய்யக்கூடிய வேலையா? அங்கேயே செய்வதானால், சண்டை போடாமல் எப்படிப் பேசுவது?

மறுமொழி: கார்பன் பிரஷ்

ஐயா, இருபது ஆண்டுகளுக்கு மேல் கார் ஒயரிங் வேலை செய்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது.

குமிழ் வைத்த ஏசியில் மோட்டாருக்கு வேகம் என்று தனியாக எதுவும் கிடையாது. 12 வோல்ட்டும் முழுதாகக் கிடைத்தால் அது முழு வேகத்தில் சுற்றும். வேகத்தைக் குறைக்க, மின்சாரம் போகும் வழியில் ரெசிஸ்டர் என்ற தடையை வைக்கிறார்கள். அதில் சுருள் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இருக்கும். குமிழை மூன்றில் வைத்தால் ஒரு சுருள் வழியாகவும், இரண்டில் வைத்தால் இரண்டு சுருள் வழியாகவும், ஒன்றில் வைத்தால் எல்லாச் சுருள்களின் வழியாகவும் மின்சாரம் செல்கிறது. நான்கில் வைத்தால் எந்தச் சுருளையும் தொடாமல் நேராகப் போய்விடும். ஆகவே கடைசி வேகம் மட்டும் வேலை செய்து மற்றவை மொத்தமாக நின்றுவிட்டால், எங்கள் தொழிலில் முதலில் கைவைப்பது ரெசிஸ்டரில்தான். சுருள்களோடு சேர்த்து, சூடு மீறினால் அறுந்துவிடும் ஒரு வெப்ப ஃபியூஸையும் அதிலேயே வைத்திருப்பார்கள். அது அறுந்தால் கீழ்வேகங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் போய்விடும். உங்களுக்கு நடந்ததும் அதுவாகவே தெரிகிறது.

ஆனால் நான் கவனிக்கச் சொல்வது அதற்கு முன்னால் நடந்ததை. மூன்றாம் வேகம் மட்டும் விட்டுவிட்டு வந்தது, இரண்டில் வைத்தால் நன்றாக ஓடியது என்கிறீர்கள். மூன்றாம் வேகத்துக்கான சுருள் இரண்டாம் வேகத்துக்கும் சேர்ந்தே வேலை செய்கிறது. அது அறுந்திருந்தால் இரண்டும் ஒன்றும் சேர்ந்து நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எனவே அப்போது சுருள்கள் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. மூன்றாம் வேகத்துக்கான ஒயர் கனெக்டருக்குள் செருகும் இடத்தில்தான் பிடிப்பு தளர்ந்திருக்கிறது. குமிழுக்குப் பின்னால் உள்ள சுவிட்சிலும் அப்படி ஆகலாம். ஆனால் வாடை வந்தது என்கிறீர்களே, அது என்னை ரெசிஸ்டர் கனெக்டர் பக்கம் இழுக்கிறது. பிடிப்பு தளர்ந்த அந்த உலோகப் பின் (செருகும் முனை) சூடாகி, பிளாஸ்டிக்கைக் கருக்கி, அந்தச் சூடு ரெசிஸ்டருக்கும் ஏறியிருக்கும். ரெசிஸ்டரை மட்டும் புதிதாகப் போட்டு, கருகிய கனெக்டரை அப்படியே திரும்பச் செருகினால், சில மாதங்களில் மீண்டும் இதே வாடை வரும். ஒயரோடு கூடிய புதிய கனெக்டர் தனியாகக் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய ஒயரின் தடிமன் பழையதைவிடக் குறையக்கூடாது. சேர்க்கும் இடத்தை முறுக்கி டேப் சுற்றும் வேலை இங்கே ஆகாது. கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் வைத்து அழுத்தி இறுக்கி) அல்லது சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும்.

பார்ப்பது கடினமில்லை. பெரும்பாலான கார்களில் முன்பயணியின் கால்பக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால், ப்ளோயர் கூட்டின் அருகில் இரண்டு திருகாணிகளில் ரெசிஸ்டர் நிற்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்ட பிறகே உள்ளே கை வையுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் ஏதேனும் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குக்கு உரியது, அதைத் தொடவே வேண்டாம். ரெசிஸ்டரை வெளியே எடுத்து மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். நல்ல சுருள் சில ஓமுக்குள்தான் காட்டும்; அறுந்தது எதையும் காட்டாது. கழற்றியபின் ரெசிஸ்டர் இல்லாமல் ஃபேனை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

மறுமொழி: சனிக்கிழமை மெக்கானிக்

எனக்கும் இதே கதை நடந்தது. வலைத்தளத்தில் கண்டதில் மிக மலிவான ரெசிஸ்டரை வாங்கிப் போட்டேன். இரண்டே மாதத்தில் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. பிறகுதான் கேபின் ஃபில்டரை இழுத்துப் பார்த்தேன், ஒட்டடைக் கம்பளி போல இருந்தது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் மோட்டார் திணறி அதிக ஆம்பியர் இழுக்கும், அந்தச் சுமையில்தான் ரெசிஸ்டர் எரிகிறது என்று நினைக்கிறேன். ஆகவே முதலில் ஃபில்டரை மாற்றுங்கள்.

மறுமொழி: ஓம் விதி

சனிக்கிழமை மெக்கானிக் சொன்ன பரிகாரம் சரி. காரணத்தில்தான் எனக்கு மாறுபாடு உண்டு. இந்தத் தவறான காரணத்தைக் காட்டியே பல இடங்களில் மோட்டாரை விற்றுவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ப்ளோயர் என்பது அணில் கூண்டு போன்ற விசிறி. காற்றை அள்ளித் தள்ளுவதுதான் அதன் சுமை. பாதை அடைபட்டால் தள்ளுவதற்குக் காற்று குறைகிறது. ஆகவே சுமை குறைகிறது, ஆம்பியரும் குறைகிறது. வீட்டில் வாக்குவம் கிளீனரின் குழாய் வாயைக் கையால் மூடிப் பாருங்கள், மோட்டாரின் ஒலி மேலே ஏறும். திணறும் மோட்டார் அப்படி ஒலிக்காது, சுமை இறங்கி வேகம் கூடியதால் வரும் ஒலி அது.

அப்படியானால் ரெசிஸ்டர் ஏன் எரிகிறது? அதை ஏசியின் காற்றுக் குழாய்க்குள்ளேயே நீட்டி வைத்திருப்பது, ஓடும் காற்றில் அது குளிர வேண்டும் என்பதற்காக. முதல் வேகத்தில் மோட்டாருக்கு 4 வோல்ட் கிடைக்கிறது, 5 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 8 வோல்ட் ரெசிஸ்டரில் விழுகிறது. எட்டை ஐந்தால் பெருக்கினால் 40 வாட். நல்ல சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. அந்தச் சூட்டை வாரிச் செல்லும் காற்றை ஃபில்டர் அடைத்துவிட்டால் வெப்ப ஃபியூஸ் அறுவதில் வியப்பில்லை. மோட்டாரின்மேல் குற்றமே இல்லாமல் ரெசிஸ்டர் மட்டும் சாகும் வழி இது.

மோட்டார் உண்மையிலேயே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. பேரிங் இறுகினாலோ, தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தாலோ அது வழக்கத்தைவிட அதிக ஆம்பியர் இழுக்கும். அப்போது ரெசிஸ்டரும் கனெக்டரும் சேர்ந்து சூடாகும். இதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். இவ்வகை மோட்டார்கள் முழு வேகத்தில் ஏறத்தாழ 15 முதல் 25 ஆம்பியர் வரை எடுக்கும். உங்கள் காருக்குரிய சரியான அளவை சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் ஆம்பியர் துளை 10 ஆம்பியரோடு நின்றுவிடும், அதில் இதை அளக்க முயன்றால் மீட்டரின் ஃபியூஸ்தான் போகும். ஒயரைச் சுற்றிக் கவ்வி நேர்மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பல மாறுமின்சாரம் மட்டுமே அளப்பவை, வாங்குவதற்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனெக்டர் பற்றியும் ஒரு கணக்கு. 20 ஆம்பியர் ஓடும்போது ஒரு பின்னில் அரை வோல்ட் விழுந்தால் அந்தப் பின் ஒன்றிலேயே 10 வாட் சூடு பிறக்கிறது. நெல்மணி அளவே உள்ள உலோகத்தில் பத்து வாட்! அரை வோல்ட் குறைந்ததை ஃபேனின் வேகத்தில் நீங்கள் உணரவே மாட்டீர்கள். மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும்.

மறுமொழி: முன்னாள் அட்வைசர்

நான் ஒரு சர்வீஸ் சென்டரில் அட்வைசராக ஒன்பது ஆண்டுகள் எஸ்டிமேட் எழுதியவன். கோளாறைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அந்தத் தாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உங்கள் எஸ்டிமேட்டில் என்னை நிறுத்திய வரி மோட்டார் அன்று, கேஸ் நிரப்புதல். ஃபேன் ஓடும் இடமும் கேஸ் ஓடும் இடமும் வேறு வேறு. ஃபேன் மோட்டாரையும் ரெசிஸ்டரையும் மாற்ற எந்த ஏசி குழாயையும் கழற்ற வேண்டியதில்லை. குழாயைக் கழற்றாவிட்டால் கேஸ் வெளியேறாது. வெளியேறாத கேஸை நிரப்ப முடியாது. எவாப்பரேட்டரை உள்ளடக்கிய முழு யூனிட்டையும் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து இறக்கினால் மட்டுமே கேஸும் கம்ப்ரஸர் ஆயிலும் கணக்கில் வரும். அப்போதுதான் 4.5 மணி நேரமும் வரும். ஆக, கேஸ், ஆயில், 4.5 மணி நேரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி வந்தவை. ஃபேன் வேலைக்கான குறியீட்டுக்குப் பதிலாக யூனிட் வேலைக்கான குறியீட்டை யாரோ தேர்ந்திருக்கிறார்கள்.

வேண்டுமென்றே செய்தார்களா என்று என்னால் சொல்ல முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி ஒரு நேரத்தை நிர்ணயித்து, மணியைப் பத்தாகப் பகுத்து எழுதி வைத்திருக்கும். 0.6 என்றால் 36 நிமிடம். மெக்கானிக் கால் மணியில் முடித்தாலும் பில் 0.6-க்குத்தான், ஒரு மணி இழுத்தாலும் அதே 0.6-தான். கணினியில் ‘ப்ளோயர்’ என்று தட்டினால் வரும் பட்டியலில் நான்கைந்து குறியீடுகள் ஒரே மாதிரிப் பெயரோடு நிற்கும். மாலை ஆறு மணிக்குப் பத்து வண்டிகள் காத்திருக்கும்போது தவறானதைத் தொட்டுவிட்டு, அது இழுத்துவரும் துணை வரிகளைப் பார்க்காமலே அச்செடுத்த நாள்கள் எனக்கும் உண்டு. அதே சமயம், சில கார்களில் மோட்டாரை எடுக்க உண்மையிலேயே டேஷ்போர்டை அசைக்க வேண்டியிருக்கும். உங்கள் கார் அந்த வகையா என்பதைக் குளோவ் பாக்ஸைத் திறந்து எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: மோட்டாரின் வட்டத் தட்டும் அதன் மூன்று திருகாணிகளும் கீழிருந்து கண்ணுக்குத் தெரிந்தால் யூனிட்டை இறக்க வேலையே இல்லை.

மோட்டாரையும் சேர்த்து எழுதியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அது பேராசை மட்டும் ஆகாது. ரெசிஸ்டரை மாற்றி அனுப்பிய வண்டி மூன்றாம் மாதம் அதே கோளாறோடு திரும்பினால், அதை இலவசமாகச் செய்ய வேண்டும். அந்த நேரத்துக்கு மெக்கானிக்குக் கூலி கிடையாது, எனக்குத் திட்டு கிடைக்கும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் யாருக்கும் தலைவலி இல்லை, வாடிக்கையாளரின் பையைத் தவிர. அளந்து பார்ப்பதற்கு ஆகும் பத்து நிமிடத்தைவிட மாற்றிவிடுவது அவர்களுக்கு எளிது.

இனி, பேசும் விதம். “ஏன் இவ்வளவு?” என்று தொடங்காதீர்கள், அந்தக் கேள்விக்கு எங்களிடம் மனப்பாடமாகப் பதில் இருக்கும். சோதனைக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள், ஆகவே சோதனையின் முடிவைக் கேளுங்கள்: மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுத்தது, ரெசிஸ்டர் எத்தனை ஓம் காட்டியது, கனெக்டரின் நிலை என்ன. மூன்றும் ஜாப் கார்டில் (உங்கள் வண்டிக்கான வேலை விவரத் தாளில்) எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படவில்லை என்றால் கட்டணம் வாங்கிய சோதனை நடக்கவில்லை என்றுதான் பொருள், அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இராது. அடுத்து, கேஸ் எதற்காக என்று அந்த ஒரு வரியை மட்டும் கேளுங்கள். வேலையை அங்கேயே செய்தால் சோதனைக் கட்டணம் லேபரில் கழிக்கப்படுமா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் கழிப்பார்கள், கேட்டவர்களுக்கு. கழற்றிய பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எவாப்பரேட்டர் சுத்தம் செய்வதை, ஏசியைப் போட்டதும் புளித்த வாடை அடித்தால் செய்துகொள்ளலாம், இல்லையென்றால் தள்ளிப்போடலாம்.

மறுமொழி: குளிர்காற்று

ஒரு சிறு எச்சரிக்கை, இந்தத் திரியைப் பிற்பாடு படிப்பவர்களுக்காக. ‘ஏசி ஃபேன்’ என்று சர்வீஸ் சென்டரில் சொல்லும்போது எந்த ஃபேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். முன்பக்கம் ரேடியேட்டரோடு நிற்கும் கண்டென்சர் ஃபேனையும் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள். வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் குளிர்ச்சி போய்விடுகிறது என்றால் பார்க்க வேண்டியது அதைத்தான். எஞ்சின் நின்ற பிறகும் அது திடீரென்று சுற்றத் தொடங்கும், விரலை விடாதீர்கள்.

தானியங்கி ஏசி உள்ள கார்களில் மேலே சொன்ன ரெசிஸ்டர் கணக்கு பொருந்தாது. அங்கே டிரான்சிஸ்டர் வைத்த மின்னணு மாட்யூல் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது கெட்டால் ஃபேன் முழு வேகத்திலேயே நின்றுகொள்ளும், அல்லது அடியோடு நின்றுவிடும். சாவியை எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்து பேட்டரியை இறக்கிவிடுவதும் உண்டு.

மறுமொழி: நெடும்பயணி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

விடுமுறை நாளன்று பேட்டரியைக் கழற்றிவிட்டு, குளோவ் பாக்ஸின் இரு பக்கச் சுவரையும் உள்ளே அழுத்தி இறக்கினேன். முதலில் கேபின் ஃபில்டர். வெண்மையாக இருந்திருக்க வேண்டியது சாம்பல் நிறத்தில், மடிப்புகளுக்குள் சருகுத் துணுக்குகளோடு கனத்துப்போய் வந்தது. கடைசியாக எப்போது மாற்றினேன் என்று நினைத்துப் பார்த்து வெட்கப்பட்டேன். அதற்குக் கீழே, முன்னாள் அட்வைசர் சொன்ன வட்டத் தட்டும் மூன்று திருகாணிகளும் பளிச்சென்று தெரிந்தன. யூனிட்டை இறக்கும் பேச்சுக்கே இடமில்லை.

ரெசிஸ்டரின் கனெக்டர் இலகுவில் வரவில்லை. மெல்ல ஆட்டி இழுத்தபோது ஒரு மூலையில் பிளாஸ்டிக் இளகிப் பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கனெக்டரில் அந்த ஒரு துளையைச் சுற்றி மட்டும் டீக்கறை நிறத்தில் வளையம்; உள்ளே இருந்த செருகி வாய் விரிந்து, கறுத்துப் பளபளப்பு இழந்திருந்தது. ஒயரின் நிறத்தைக் குமிழ்வரை பின்தொடர்ந்து பார்த்தேன், மூன்றாம் வேகத்துக்குரியதேதான். கார்பன் பிரஷ் ஐயா பார்க்காமலே சொன்னது அப்படியே இருந்தது. ரெசிஸ்டரில் மோட்டார் பக்க முனைக்கும் மற்ற எந்த முனைக்கும் இடையில் வைத்தாலும் மீட்டர் ஓம் காட்டவில்லை.

இவற்றைப் படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் மாட்டி, மறுநாள் டீலரிடம் போனேன். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுத்தது என்று மட்டும் கேட்டேன். அட்வைசர் ஜாப் கார்டைப் புரட்டினார், பிறகு உள்ளே போனார், பத்து நிமிடம் கழித்து ஃப்ளோர் சூப்பர்வைசரோடு திரும்பினார். என் கண்முன்னே கிளாம்ப் மீட்டர் போட்டு அளந்தார்கள்: முழு வேகத்தில் 18 ஆம்பியர். அவர்களுடைய கையேட்டில் இருந்த அளவுக்கு உள்ளேதான் இருந்தது. கேஸ் பற்றி நான் கேட்பதற்கு முன்பே, “அது வேறு குறியீட்டில் வந்துவிட்டது சார்” என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டார். புதிய எஸ்டிமேட்டில் ரெசிஸ்டர், ஒயரோடு கனெக்டர், கேபின் ஃபில்டர், லேபர் 0.9 மணி ஆகியவை மட்டும் இருந்தன. சோதனைக் கட்டணத்தில் பாதியைக் கழித்தார்கள். முழுதாகக் கழிக்கும் அதிகாரம் மேலாளருக்குத்தானாம், அவர் விடுப்பில் இருந்தார். முதல் தொகையில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

நானே மாற்றியிருக்கலாம். கனெக்டரை வெட்டிச் சேர்க்கும் வேலையில் என் கைமேல் எனக்கே நம்பிக்கை வராததால் அங்கேயே விட்டுவிட்டேன். பழைய ரெசிஸ்டரையும் கருகிய கனெக்டரையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது: புதிய கனெக்டரும் சூடாகிறதா என்பதை நான் எப்படிக் கண்காணிப்பது?

மறுமொழி: கார்பன் பிரஷ்

மூன்றாம் வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, இக்னிஷனை அணைத்து, குளோவ் பாக்ஸை இறக்கிக் கனெக்டரின் பிளாஸ்டிக்கை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள்; ரெசிஸ்டரின் உலோகத்தைத் தொட்டுவிடாதீர்கள், அது கொதிக்கும். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் கிரிம்ப் சரியில்லை என்று அர்த்தம், பில்லோடு அவர்களிடமே திரும்பப் போங்கள். இந்த மாதம் ஒருமுறை, அடுத்த ஃபில்டர் மாற்றும்போது ஒருமுறை பார்த்தால் போதும்.